மூடியைப் போட்டுக்கொண்டு ஒரு படம்

அன்புள்ள அண்ணா,

தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். பி.எஸ்ஸி. இயற்பியல், கடைசி வருடம். கேமரா சென்சாரின் நாய்ஸை, அதாவது வெளிச்சத்துக்குச் சம்பந்தமில்லாமல் படத்தில் சேரும் இரைச்சலை, அளப்பதுதான் ப்ராஜெக்ட். கையில் ஒரு பழைய கேனான் இருக்கிறது. அதன் ரா படங்களை (சென்சார் தந்த எண்களை அப்படியே வைத்திருப்பவை) திறக்க பைத்தானில் ‘ராபை’ என்ற நிரல் தொகுப்பை இன்ஸ்டால் செய்தால் சிவப்பு எழுத்தாகக் கொட்டுகிறது. ஸ்கிரீன்ஷாட் இணைத்திருக்கிறேன். லினக்ஸுக்கு மாறட்டுமா? புது லேப்டாப் இல்லாமல் முடியாதா? சரியாகத் தூங்கியே ஒரு வாரம் ஆகிறது.

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

முதலில் தூங்குங்கள். லேப்டாப் போதும். லினக்ஸை அப்புறம் பார்க்கலாம்.

ஸ்கிரீன்ஷாட்டில் கடைசி வரியை வெட்டிவிட்டு அனுப்பியிருக்கிறீர்கள். என்ன கோளாறு என்பதைப் பைத்தான் பெரும்பாலும் அங்கேதான் சொல்லும். படிக்காமலே எனக்குத் தள்ளிவிட்டால் எப்படி? என் ஊகம், ஆகப் புதிய பைத்தானைப் போட்டிருக்கிறீர்கள். அதற்கான ராபையின் தயார் பொட்டலம் இன்னும் வந்திருக்காது. உங்கள் கணினி அதை மூலநிரலிலிருந்து தானே கம்பைல் செய்யப் பார்த்து விழுகிறது. ஓரிரு பதிப்பு பழைய பைத்தான், மற்றதோடு கலக்காமல் ஒரு தனி வெர்ச்சுவல் என்விரான்மென்ட், அதற்குள் எண் கணக்குக்கு நம்பை, கூடவே ராபை. போதும்.

எனக்கு உறுத்துவது வேறு. லென்ஸை மூடி ஒரு படமாவது எடுத்தீர்களா? கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை.

பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டை ஒட்டிய சந்தில், ஒரு ஸ்டுடியோவில் எடுபிடியாக இருந்தேன். புது பிலிம் வந்தால் மாஸ்டர் இருட்டில் ஒரு துண்டு வெட்டி, வெளிச்சமே காட்டாமல் டெவலப் செய்யச் சொல்வார். ஒன்றுமில்லாததை எதற்குக் கழுவுவது என்று முணுமுணுப்பேன். “சும்மா இருக்கும்போதே எவ்ளோ கறுக்குதுன்னு தெரியாம, கறுத்ததெல்லாம் படம்னு எப்பிடிடா சொல்லுவே?” என்பார். மே மாதத்தில் டெவலப்பரை 20 டிகிரிக்கு இறக்க காசிமேட்டிலிருந்து ஐஸ் வரும். ஐஸ் கரைந்து சூடு ஏறினால் ஃபாக்கும், அதாவது வெளிச்சம் படாமலே வரும் அந்தக் கறுப்பும், ஏறும். அப்போது எனக்கு விழும் திட்டை இங்கே எழுத முடியாது.

சென்சாரிலும் சூடு வெளிச்சமே இல்லாமல் எலக்ட்ரானைக் கிளப்பிவிடும். சாதாரணமாக 6 முதல் 8 டிகிரி ஏறினாலே இந்த டார்க் கரன்ட் இரட்டிப்பாகும். தொலைநோக்கிகளில் சென்சாரைக் குளிரவைப்பது இதனால்தான். உங்கள் தெருவின் வெயில் உங்கள் ப்ராஜெக்டுக்கு இலவசச் சோதனைச்சாலை. அதை விட்டுவிட்டு சிவப்பு எழுத்தோடு மல்லுக்கட்டுகிறீர்கள்!

லென்ஸ் மூடியைப் போடுங்கள். வியூஃபைண்டரையும் கறுப்புத் துணியால் அடையுங்கள், அதன் வழியாகவும் வெளிச்சம் கசியும். கேமராவில் லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன் ஆனில் இருந்தால் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கேமராவே ஒரு டார்க், அதாவது வெளிச்சம் படாத படம், எடுத்து உங்களுக்குத் தெரியாமல் கழித்துவிடும். ராபையில் ‘ரா இமேஜ்’ எண்களை மட்டும் எடுங்கள். அவற்றை வண்ணப் படமாக்கும் ‘போஸ்ட்பிராசஸ்’ பக்கம் போகாதீர்கள். ஒவ்வொரு பிக்சலும் ஒரு நிறத்தைத்தான் பார்க்கிறது, மீதி இரண்டும் அங்கே ஊகம். ஜேபெக் பற்றிக் கேட்கவே கேட்காதீர்கள்.

மிகக் குறைந்த எக்ஸ்போஷரில் இரண்டு டார்க் எடுத்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து, வரும் திட்ட விலக்கத்தை √2-ஆல் வகுத்தால் ரீட் நாய்ஸ், சென்சாரைப் படிக்கும்போதே சேரும் இரைச்சல். அப்புறம் 30 விநாடி டார்க், மதியம் 2 மணிக்கு ஒன்று, விடியற்காலை ஒன்று, ஒரே ஐஎஸ்ஓவில். அந்த இரண்டுக்கும் தனித்தனியே சராசரியையும் திட்ட விலக்கத்தையும் அனுப்புங்கள். எண்ணாக அனுப்புங்கள், ஸ்கிரீன்ஷாட் வேண்டாம்.