ஒரு வாழைக்குலை, ஆறு வீடு

விவசாயியிடமே மொத்தமாகக் காய்கறி, பழம் வாங்கிப் பக்கத்து வீட்டுக்காரர்களோடு பங்கு வைத்தால் கட்டுப்படியாகுமா, எப்படி ஆரம்பிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நாகர்கோவிலில் எங்கள் தெருவில் ஆறு வீடு சேர்ந்து நான்கு வருஷமாக இதைச் செய்துவருகிறோம். கட்டுப்படியாகும். ஆனால் விலை குறைவாகக் கிடைக்கும் என்ற ஒரே கணக்கில் இறங்கினால் சீக்கிரம் நின்றுபோகும். எங்களுக்கும் முதல் தடவை அப்படித்தான் நின்றது.

குலசேகரம் பக்கத்தில் ஒரு அண்ணாச்சி. ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே கொஞ்சம் வாழை, ஓரமாக மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு), சேனை, பயறு, வழுதலை (கத்தரி) என்று வைத்திருக்கிறார். முதலில் வாராவாரம் வியாழக்கிழமை போன் போட்டு விலை கேட்போம். அன்றைக்கு வடசேரிச் சந்தையில் அதைவிடக் குறைவு என்றால் பாதி வீட்டுக்காரர்கள் அங்கே போய்விடுவார்கள். ஒரு வாரம் வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்குக் கூப்பிட்டு, "அண்ணாச்சி, இந்த வாரம் ஏத்தங்குலை வேண்டாம்" என்று சொன்னேன். ஏத்தன் என்றால் நேந்திரன் வாழை. சாயங்காலமே இரண்டு குலை வெட்டி வைத்துவிட்டாராம். "பரவாயில்ல மக்களே, பாத்துக்கிடலாம்" என்றார். வெட்டின குலையைத் திரும்ப வாழையில் மாட்ட முடியுமா? வியாபாரி சொன்ன விலைக்குத்தான் தள்ளிவிட்டிருக்கிறார். அடுத்த வாரம் அவர் போனை எடுக்கவில்லை. அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

நேரில் போய் மன்னிப்புக் கேட்டு, தோட்டத்திலேயே உட்கார்ந்து பேசினோம். அதற்குப் பிறகுதான் இது ஒழுங்காக நடக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரே விலை. சந்தையில் இறங்கினாலும் நாங்கள் இறக்குவதில்லை. ஓணம் நெருங்கும்போது கேரளாவுக்குப் போகிற ஏத்தனுக்கு விலை ஏறும். அந்த இரண்டு மூன்று வாரம் நாங்களே அவரிடம், "ஏத்தனை அங்கே கொடுங்க, எங்களுக்கு வேற என்ன இருக்கோ அது போதும்" என்று சொல்லிவிடுவோம். சில வாரம் கடை விலையைவிடக் கிலோவுக்கு ஐந்தாறு ரூபாய் கூடத்தான் கொடுக்கிறோம். நோட்டில் எழுதி வருகிறேன். வருஷக் கணக்கில் எங்களுக்கு மிச்சம்தான். அவருக்கும் வியாபாரி கொடுப்பதைவிடக் கூடுதலாகக் கையில் நிற்கிறது. விலை விழுகிற வாரத்தில் எடுக்க ஆள் இருக்கிறது என்ற தைரியம்தான் அவருக்குப் பெரிதாம்.

எங்கள் பட்டியலை அவரிடம் கொடுப்பதையும் விட்டுவிட்டோம். தோட்டத்தில் இந்த வாரம் எது வெட்டப் பக்குவமோ அதுதான் வரும். வருவது பெரும்பாலும் அவியல் காய்தான்: சேனை, தடியங்காய் (வெள்ளைப் பூசணி), வழுதலங்காய், பயத்தங்காய், வாழைக்காய். நம் ஊர்ச் சமையலுக்கு இது ஒரு குறையே இல்லை. தக்காளி, உள்ளி எல்லாம் வழக்கம்போல் கடையில்தான்.

பங்கு வைப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சண்டை வருகிற இடம் அதுதான். குலையைச் சீப்புக் கணக்கில் பிரிக்காதீர்கள். மேல் சீப்புக் காய் தடிமனாக இருக்கும், முதலில் பழுக்கும். கீழே போகப் போகச் சிறுத்துவிடும். ஆளுக்கு ஒரு சீப்பு என்றால் கடைசி வீட்டுக்காரருக்கு மனது வலிக்கும். நாங்கள் பழைய சேலையை விரித்து, கத்தியிலும் கையிலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு (இல்லாவிட்டால் கறை போகாது) எல்லாச் சீப்பையும் அறுத்துத் தராசில் போடுவோம். மேல் சீப்பு எந்த வீட்டுக்கு என்பது வாராவாரம் மாறும். குலையைத் தண்டோடுதான் நிறுத்துத் தருவார்கள். அந்தத் தண்டு எடையையும் ஆறாக வகுத்து விலையில் சேர்த்துவிடுங்கள். பிரித்துக் கொடுக்கிற வீட்டுக்காரர் தலையில் அது விழக்கூடாது.

மரச்சீனி வந்தால் அன்றைக்கே பிரிக்க வேண்டும். பிடுங்கி இரண்டு மூன்று நாள் ஆனால் உள்ளே நீலமாகக் கோடு ஓடிவிடும், அப்புறம் வேகாது, கசக்கும். மண்ணைக் கழுவாமல், தோல் காயப்படாமல் கொண்டுவரச் சொல்லுங்கள். சமைக்கும்போது மூடாமல் வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட வேண்டும் என்பது உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும். பழுக்கிற வாழையையும் கீரையையும் ஒரே பெட்டியில் வைக்காதீர்கள், கீரை சீக்கிரம் மஞ்சளாகிவிடும். சேனைக்கு அவசரமே இல்லை, காற்றோட்டமாக வைத்தால் வாரக்கணக்கில் கிடக்கும்.

காற்று ஒன்று இருக்கிறது. 2017 ஒக்கிப் புயலில் இந்த மாவட்டத்து வாழையும் ரப்பரும் எப்படிச் சாய்ந்து கிடந்தன என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அவ்வளவு இல்லாவிட்டாலும் ஆடி மாதக் காற்றில் வருஷாவருஷம் சில வாழையாவது ஒடிகிறது. விளையாத காயை வியாபாரி எடுக்கமாட்டார். போன ஆடியில் அப்படி நான்கு குலை ஒடிந்தபோது எங்களிடம் சொல்லக்கூட அண்ணாச்சி தயங்கினார். நாங்களாகக் கேட்டுப் பாதி விலைக்கு எடுத்தோம். அந்த வாரம் முழுக்க ஆறு வீட்டிலும் ஏத்தங்காய்த் துவரன், எரிசேரி, மிச்சத்துக்கு வற்றல். எதிர்வீட்டு அக்கா வறுத்துக் கொடுத்த வற்றல் தீபாவளி வரைக்கும் இருந்தது.

ஆரம்பிக்க ஆள் தேட வேண்டுமென்றால் காலையிலேயே வடசேரி உழவர் சந்தைக்குப் போங்கள். அங்கே கடை போடுகிறவர்கள் அடையாள அட்டை வாங்கின விவசாயிகள். எந்த ஊர், என்ன போட்டிருக்கிறார், நாகர்கோவிலுக்கு எந்த நாள் வருகிறார் என்று கேளுங்கள். எங்கள் அண்ணாச்சி சனிக்கிழமை லோடு ஆட்டோவில் எப்படியும் சந்தைக்கு வருகிறவர். அதனால் எங்கள் காய்க்கென்று தனி வண்டிக் கூலி இல்லை. ஐந்தாறு வீட்டுக்கு மேல் சேர்க்காதீர்கள். ஒரு வீட்டுக்காரர் ஊருக்குப் போனாலும் அவர் பங்குக்குப் பணம் உண்டு, காயை யாருக்குக் கொடுப்பது என்பதை அவரே சொல்லிவிட்டுப் போக வேண்டும். பணம் வெள்ளிக்கிழமையே வசூலாகிவிட வேண்டும். காய் இறங்கும்போதே விவசாயி கையில் காசு.

முதல் மாதம் மட்டி வாழைக் குலை ஒன்று மட்டும் வாங்கிப் பாருங்கள். 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த நம் ஊர்ப் பழம், கைக்குழந்தைக்குக்கூட மசித்துக் கொடுப்பது. தோல் மெல்லிசு, பழுத்தால் தாங்காது, ஒரு வீட்டால் தின்று தீர்க்கவும் முடியாது. நாங்கள் பங்கு வைக்கப் பழகினதும் அதில்தான்.