துவக்கு வீட்டைக் காக்கும் எண்டு நினைக்கிற தம்பிக்கு

தம்பி, உம்மட கேள்வியில நாலைஞ்சு விசயம் கலந்து கிடக்கு. திருக்கோணமலை உப்புவெளியில இருந்து வந்து கொஞ்சக் காலத்துக்குள்ள மச்சானோட சேர்ந்து ஒன்ராறியோவில வீடு வாங்கியிருக்கிறீர், சந்தோசம். பின்தெருவில ரண்டு தமிழ் வீடு உடைச்சு நகை போயிருக்கு. வேலைத்தலத்தில மான் வேட்டைக்குப் போற ஒருத்தர், 'லைசன் எடும், என்னட்டப் பழசு ஒண்டு இருக்கு, மலிவாத் தாறன்' எண்டிருக்கிறார். வீட்டில துவக்கு இருந்தா கள்ளன் பயப்படுவானோ, நகையையும் துவக்கையும் ஒரே சேஃபில வைக்கலாமோ எண்டு கேக்கிறீர். அதோட பனிக்கால ரயர், மகளுக்குத் தமிழ் வகுப்பு, நல்ல மீன் கடை. ரயரை நவம்பருக்குள்ள மாத்தும். மற்ற ரண்டுக்கும் உம்மட தெருவில இருக்கிற தமிழரே காணும். நான் துவக்கைப் பற்றித்தான் எழுதப்போறன். அதில தவறினா ஆள் சாகும், இல்லாட்டி நீர் கோட்டில நிப்பீர்.

துவக்கு இருக்கெண்டு தெரிஞ்சா கள்ளன் பயந்து போகமாட்டான், அதை எடுக்கத்தான் வருவான். நகையைக் கொண்டு போனா உருக்க வேணும், விக்க ஆள் தேட வேணும். துவக்குக்கு அவன்ர ஆட்களிட்டயே கேள்வி இருக்கு. நீர் வேலைக்குப் போன நேரம் பாத்து வந்து, ஆறுதலாத் தேடி எடுத்துக்கொண்டு போவான்.

நீர் வீட்டில நிண்டாலும் அது உதவாது. கனடாவில துவக்கு வைச்சிருக்கிறது வேட்டைக்கும் இலக்குச் சுடுறதுக்கும் சேகரிப்புக்கும். கைத்துவக்கை 2022 ஒக்டோபர் 21க்குப் பிறகு சாதாரண ஆள் வாங்கவும் ஏலாது, இன்னொருத்தருக்குக் குடுக்கவும் ஏலாது. 2020 மே மாதம் 1500க்கு மேற்பட்ட ரகங்களைத் தடை செய்தவை. மிச்சம் இருக்கிற வேட்டைத் துவக்கை வீட்டில வைக்கேக்க ரவை ஏத்தியிருக்கக் கூடாது. விசைக்குப் பூட்டுப் போட வேணும், அல்லது லேசில உடைக்க ஏலாத பெட்டியிலயோ அறையிலயோ பூட்டி வைக்க வேணும். தோட்டா கைக்கெட்டுற தூரத்தில கிடக்கக் கூடாது, இல்லாட்டி அதுவும் பூட்டுக்குள்ள இருக்க வேணும். நடுச்சாமத்தில கதவு உடையிற சத்தம் கேட்டு, நித்திரைக் கலக்கத்தில பூட்டுத் திறந்து, தோட்டா எடுத்து ஏத்துறதுக்குள்ள என்ன நடக்கும் எண்டு யோசியும். கட்டிலுக்குக் கீழ ரவையோட வைச்சா வேற மாதிரி எண்டு ஆரும் சொன்னா அந்த ஆளின்ர பேச்சைக் கேக்காதையும். அது கவலையீனமா வைச்ச குற்றம். குற்றவியல் சட்டத்தின்ர 86ஆம் பிரிவு, முதல் தரத்துக்கே ரண்டு வருசம் வரைக்கும் மறியல் வரலாம். உமக்கு இன்னும் பிரஜாவுரிமை இல்லை. துவக்கு வழக்கு ஒண்டு விழுந்தா அது நாடு கடத்துறது வரைக்கும் போகலாம்.

அதால அந்த வேலைத்தல ஆள் 'லைசன் வரமுன்னம் கொண்டு போய் வையும்' எண்டா கையாலயும் தொடாதையும். லைசனுக்கு முதல்ல துவக்குப் பாதுகாப்பு வகுப்புக்குப் போக வேணும். எழுத்திலயும் செய்முறையிலயும் 80 வீதம் எடுக்க வேணும். உம்மை மூண்டு வருசமாவது தெரிஞ்ச ரண்டு பேர் உமக்காகக் கையெழுத்து வைக்க வேணும். மனிசிக்கும் விசயம் தெரிய வேணும். புதுசா விண்ணப்பிக்கிற ஆளுக்குக் குறைஞ்சது 28 நாள் காத்திருப்பு இருக்கு. பிறகு வாங்கேக்க, உம்மட லைசன் செல்லுபடியோ எண்டு விக்கிறவர் அரசாங்கத்திட்டக் கேட்டு ஒரு இலக்கம் எடுத்த பிறகுதான் துவக்கு கை மாறலாம். வீடு மாறினா 30 நாளுக்குள்ள அறிவிக்க வேணும். ஐஞ்சு வருசத்துக்கு ஒருக்காப் புதுப்பிக்க வேணும்.

இதெல்லாம் நான் செய்த வேலை. இங்கிலீசில தடுமாறின காலத்தில அந்தப் புத்தகத்தை இரவில படிச்சு, வெள்ளையளுக்கு நடுவில ஒரேயொரு தமிழனா இருந்து எழுதிப் பாஸ் பண்ணினனான். அதில எனக்குப் பெருமை இருக்கு. இந்த நாட்டுக்காரரோட காட்டில நிண்டு, அவையின்ர முறைதலை பழகி, அவை மதிக்கிற மாதிரி நடந்தனான். எங்கட ஆட்கள் கனபேர் 'எங்களுக்கென்னத்துக்கு இது' எண்டு ரொறன்ரோவின்ர ஸ்காபரோவை விட்டு வெளியில வராமலே வயசு போயிட்டினம். ஏரியும் காடும் அவைக்கும் சேத்துத்தானே இருக்கு? என்னட்டயும் துவக்குகள் இருக்கு. எத்தினை, என்ன ரகம், நான் எந்த ஊரில எண்டதை இங்க எழுதமாட்டன். என்ர மருமக்களுக்கே தெரியாது.

இனி சேஃப். வேட்டைச் சாமான் கடையில மெல்லிய தகரத்தில நெடுவா ஒரு அலுமாரி விப்பாங்கள். சட்டத்துக்கு அது காணும், கள்ளனுக்குக் காணாது. மூலையில அலவாங்கைக் குடுத்து நெம்பினா வாயைத் திறந்திடும். தடிச்ச இரும்பில, ஆர்.எஸ்.சி. முத்திரை இருக்கிறதாப் பாரும். ஒரு ஆள் சாதாரணக் கைச்சாமான்களோட 5 நிமிசம் மினைக்கெட்டாலும் திறக்க ஏலாது எண்டு சோதிச்ச முத்திரை அது. அலாரம் கத்திக்கொண்டு நிக்கேக்க அந்த 5 நிமிசம் கள்ளனுக்குக் கன நேரம்.

சேஃபின்ர அடியில ஓட்டை விட்டிருப்பாங்கள். அதுக்குள்ளால கொங்கிறீற்றில போல்ற் இறக்காமல் விட்டா எவ்வளவு பாரமெண்டாலும் பிரயோசனமில்லை. ரண்டு பேர் தள்ளுவண்டியில ஏத்திக்கொண்டு போய், உடைக்கிறதைத் தங்கட கராஜில வைச்சுச் செய்வாங்கள். பேஸ்மென்ற் மூலையில, கதவு திறக்கிற பக்கம் சுவரோட ஒட்டி, அலவாங்கு போட இடமில்லாத மாதிரி நிறுத்தும். கோடையில பேஸ்மென்ற் ஈரம் இழுக்கும், இரும்பு கறள் பிடிக்கும். உள்ளுக்கு ஈரம் உறிஞ்சிற பொட்டலம் போட்டு, அப்பப்ப மாத்தும். சேஃப் வந்த மட்டைப்பெட்டியை முழுசாக் குப்பை நாளில வீதியில வைக்காதையும். பேர் போட்ட பக்கத்தைக் கிழிச்சு, சின்னச் சின்னதா வெட்டிப் போடும். உங்கட வீட்டில என்ன இருக்கெண்டு ஊருக்குச் சொல்லுறது அந்தப் பெட்டிதான்.

ஒவ்வொரு துவக்கின்ர இலக்கத்தையும் எழுதி, படமெடுத்து, வீட்டுக்கு வெளியில ஒரு இடத்தில வையும். களவு போனா உடனே பொலிசுக்குச் சொல்ல வேணும், சொல்லாமல் விட்டா அதுவும் குற்றம்.

நகையை அதுக்குள்ள வைக்கவே வேண்டாம். மனிசி கோயிலுக்குப் போகக் காப்பு எடுக்க வேணுமெண்டா சேஃபைத் திறக்க வேணும். லைசன் இல்லாத ஆளின்ர கையில துவக்குப் பெட்டியின்ர சாவியோ இலக்கமோ இருக்கக் கூடாது. உம்மட லைசனையே அது விழுத்தலாம். நகைக்குப் பாங்கில ஒரு பெட்டி எடும். பெட்டிக்குள்ள இருக்கிறதுக்குப் பாங்க் பொறுப்பில்லை, அதால இன்சூரன்சில தனியாப் பதியும். சாதாரண வீட்டு இன்சூரன்சில களவு போன நகைக்கு ஒரு வரம்பு வைச்சிருப்பாங்கள். தாலிக்கொடி ஒண்டின்ர விலைக்கே அது காணாமல் போகும். மதிப்பீட்டுக் கடிதமும் படமும் இல்லாமல் போனா அந்த வரம்பும் கைக்கு வாறது கஷ்டம். அரிசி வாளி, சாமியறை, குளிர்பெட்டி, மெத்தைக்குக் கீழ எண்டு எங்கட அம்மாமார் ஒளிக்கிற இடமெல்லாம் கள்ளருக்குப் பாடம்.

எனக்கு எங்கட சனத்தில கோவம் வாறது இந்த இடத்திலதான். மகளுக்குச் சாமத்தியவீடு செய்து, கழுத்து நிறைய நகையோட படமெடுத்து, அண்டைக்கு இரவே முகநூலில போடுறது. கலியாணவீட்டு நேரமும் மண்டபமும் எல்லாருக்கும் போகும், அந்த நேரம் வீட்டில ஆளில்லை எண்டதும் அதோட சேந்து போகும். ஊருக்குப் போகக் கட்டுநாயக்காவில இறங்கின படம் வட்ஸ்அப்பில வரும். சீட்டுக் காசை வீட்டில வைச்சிருக்கிறன் எண்டு பத்துப் பேருக்கு முன்னால கதைக்கிறது. இப்ப வாற பொடியள் சிலபேர் வேட்டைக் கடை ஸ்ரிக்கரைக் காரின்ர பின்கண்ணாடியில ஒட்டிக்கொண்டு திரியினம். எந்த வீட்டுக்கு முன்னால அந்தக் கார் நிக்குதோ அந்த வீட்டில என்ன இருக்குமெண்டு கள்ளன் படிச்சுக்கொள்ளுவான்.

அதோட பக்கத்து வீட்டுக்காரரின்ர பேர் தெரியாமல் வருசக்கணக்கா இருக்கினம். என்ர பக்கத்து வீட்டில ஒரு போர்த்துக்கீசக் கிழவர். பனி கொட்டினா என்ர வாசலைத் தள்ளிப்போட்டு அவற்ற வாசலையும் தள்ளிவிடுவன். நாங்கள் ஊருக்குப் போனா அவற்ற பேரன் வந்து எங்கட வாசலைத் தள்ளி, தபாலை எடுத்து வைப்பான். பனிக்காலத்தில தள்ளாத வாசலும், காலடி படாத பனியும் வீட்டில ஆளில்லை எண்டு தெருவுக்கே சொல்லும். ஒருக்கா நாங்கள் இல்லாத நேரம் வாசலில அறியாத வான் ஒண்டு நிக்குதெண்டு அந்த மனிசன்தான் போன் எடுத்துச் சொன்னவர். கமராவும் போடத்தான் வேணும், ஆனா கமரா கள்ளனைப் படம் பிடிக்குமே தவிர மறிக்காது.

நான் வந்த காலத்தில எங்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரரும் இல்லை, பூட்டும் இல்லை. மொன்றியலில ஒரு நிலக்கீழ் அறை, கன பொடியள். கதவின்ர கொண்டி கழண்டு கிடந்தது. வீட்டுக்காரர் வாடகை வாங்க வாற நாளில 'பாக்கிறன், பாக்கிறன்' எண்டு சொல்லுவார், பாத்ததில்லை. அகதி விண்ணப்பக் கடுதாசியைச் சேட்டுக்குள்ள வைச்சுக்கொண்டு படுத்தனாங்கள். எல்லாரும் வேலைக்குப் போன ஒரு நாள் கள்ளர் வந்து, வேறொண்டும் கிடைக்காமல் எங்கட குளிர் ஜக்கெற்றுகளை எடுத்துக்கொண்டு போயிட்டாங்கள். தை மாதம். மிஞ்சின ஒரு ஜக்கெற்றைப் பகல் வேலைக்காரனும் இரவு வேலைக்காரனும் மாறி மாறிப் போட்டவை. சம்பளம் வந்த உடனே நாங்களே சேந்து காசு போட்டுப் பூட்டு வாங்கிப் பூட்டினனாங்கள்.

துவக்கைப் பற்றி நான் இவ்வளவு கண்டிப்பா இருக்கிறதுக்குக் காரணம் மொன்றியல் இல்லை, தம்பலகாமம். அங்க அம்மப்பாவுக்கு வயல். பண்டியும் யானையும் வாற இடம். கனபேரிட்ட வாயால மருந்து இடிச்சு நிரப்புற இடியன் துவக்கு இருந்தது, அம்மப்பாவிட்டத் தோட்டாத் துவக்கு. வருசா வருசம் கச்சேரிக்குப் போய் லைசன் புதுப்பிப்பார். எண்ணெய் போட்டுத் துடைச்சு, கூரை வளையில மாட்டியிருப்பார். ஆதிகோணநாயகர் கோயில் திருவிழாவுக்கு வாற சொந்தக்காரரெல்லாம் அதைக் கழட்டிப் பாப்பினம். ஆரிட்டத் துவக்கு இருக்கெண்டது கச்சேரிப் புத்தகத்தில மட்டுமில்லை, தேத்தண்ணிக் கடையிலயும் இருந்தது.

எண்பதுகளில ஒரு இரவு இயக்கப் பொடியள் வந்து, 'ஐயா, துவக்கைத் தாங்கோ' எண்டு வாங்கிக்கொண்டு போனவங்கள். குடுக்காமல் விட ஏலுமோ? கொஞ்ச நாளில மற்றப் பக்கத்துக்காரர் வந்து, 'துவக்கு எங்க, ஆருக்குக் குடுத்தாய்' எண்டு அம்மப்பாவைக் கொண்டு போனவை. திரும்பி வந்த மனிசனுக்கு முன்பல்லு இல்லை. பண்டி கலைக்க வாங்கின துவக்கு. வீட்டுக்கு ரண்டு பக்கத்தாலயும் ஆபத்தைக் கூட்டிக்கொண்டு வந்தது அதுதான். அது அங்க இருக்கெண்டு எல்லாருக்கும் தெரிஞ்சிருந்ததால வந்த வினை.

பிறகு ஊர் குழம்பி எல்லாரும் திருக்கோணமலை ரவுணுக்கு ஓடி, சிவன் கோயிலடியில சொந்தக்காரர் வீட்டில ஒதுங்கினனாங்கள். திரும்பிப் போய்ப் பாக்கேக்க ஓடு இல்லை, கிணத்துக் கப்பி இல்லை, கதவு நிலையைக் கூட இடிச்சு எடுத்துக்கொண்டு போயிருந்தாங்கள். அம்மம்மா அந்த வாசலில நிண்டு, எந்த நிலை எங்க இருந்ததெண்டு கையால காட்டிக்கொண்டு நிண்டவ.

அதாலதான் ஆரின்ர வீட்டுக்குப் போனாலும் நான் முதல்ல பாக்கிறது நிலையை. இங்க கதவு நல்ல உருக்குக் கதவா இருக்கும், நிலை மெல்லிய பலகை. பூட்டின்ர நாக்குப் போற தகட்டைக் கட்டிமுடிச்ச கொம்பனி அரை, முக்கால் அங்குல ஸ்குறூ ஆணியாலதான் பிடிச்சிருப்பான். ஒரு உதையில பலகையோட பேந்து வரும். அதைக் கழட்டிப்போட்டு, தடிச்ச தகடாப் போட்டு, 3 அங்குல ஸ்குறூ ஆணியா இறக்கும். அது பலகையைத் தாண்டி உள்ளுக்கிருக்கிற மரத்தைப் பிடிக்கும். சில டொலர்தான் செலவு. பின்பக்கக் கண்ணாடித் தள்ளுகதவின்ர தண்டவாளத்தில ஒரு தடியை அளவா வெட்டிப் போடும். கராஜில இருந்து வீட்டுக்குள்ள வாற கதவுக்கும் நல்ல பூட்டுப் போடும். கராஜ் திறக்கிற ரிமோட்டை வெளியில நிக்கிற காருக்குள்ள விடாதையும். இதெல்லாம் முடிச்ச பிறகு அலாரத்தைப் பற்றி யோசிக்கலாம்.

வேட்டையில உண்மையான ஆசை இருந்தா, இந்த வருசம் அந்த வேலைத்தல ஆளோட துவக்கில்லாமல் காட்டுக்குப் போய்ப் பாரும். ஒறேஞ்ச் சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு போம். விடிய முதல் குளிரில அசையாமல் இருக்க உம்மால ஏலுமோ எண்டு அப்ப தெரியும். ஏலுமெண்டா வகுப்புக்குப் பதிஞ்சிட்டு எழுதும், புத்தகத்தில எந்தப் பகுதியைக் கூடப் படிக்க வேணுமெண்டு சொல்லுறன்.