வாசிப்புக் குழுவுக்கு இதமான ஒரு ஜப்பானிய நாவல்

கேள்வி: எங்கள் வாசிப்புக் குழுவில் எட்டுப் பேர். மாதம் ஒரு நாவல், பெரும்பாலும் ஆங்கில மொழிபெயர்ப்பில் படிக்கிறோம். கடைசி இரண்டும் போர், கொலை என்று போனதில் பாதிப் பேர் நடுவிலேயே மூடி வைத்துவிட்டார்கள். அடுத்து இதமான ஒரு ஜப்பானிய நாவல் வேண்டும் என்கிறார்கள். காபிக் கடை நாவல், பூனை நாவல் இரண்டும் பேச்சில் இருக்கின்றன. "அதிலெல்லாம் விவாதிக்க என்ன இருக்கிறது?" என்கிறார் ஒருவர். இன்னொருவருக்கு அண்மையில் அப்பா தவறிவிட்டார். எதைத் தேர்ந்தெடுப்பது? – ஒரு வாசகி

பதில்: யோகோ ஒகாவா எழுதிய 'தி ஹவுஸ்கீப்பர் அண்ட் தி புரொஃபசர்' நாவலை எடுங்கள். ஆங்கிலத்தில் ஸ்டீபன் ஸ்னைடர் மொழிபெயர்த்தது, சுமார் 180 பக்கம். ஜப்பானில் 2003இல் வெளிவந்தது. புத்தகக் கடை ஊழியர்கள் வாக்களித்துத் தரும் ஹொன்யா விருது 2004இல் தொடங்கியபோது முதல் விருதே இதற்குத்தான்.

விவாதிக்க என்ன இருக்கிறது என்று கேட்பவரை அலட்சியப்படுத்த வேண்டாம். இதமான நாவலை எடுக்கும் குழுக்கள் சறுக்குவது அங்கேதான். எல்லோரும் படித்துவிட்டு வருவார்கள், எல்லோருக்கும் பிடித்திருக்கும், பத்து நிமிடத்தில் பேச்சு தீர்ந்துவிடும். பாத்திரங்கள் எல்லோரும் நல்லவர்கள், அவர்கள் மனத்தில் இருப்பதையும் ஆசிரியரே விளக்கிவிடுகிறார் என்றால் வாசகர் கருத்து வேறுபட இடமே இருக்காது. ஆகவே நடை மென்மையாக இருந்தால் மட்டும் போதாது, ஆசிரியர் சொல்லாமல் விட்ட இடம் ஒன்றாவது கதைக்குள் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒகாவாவின் நாவலில் அது இருக்கிறது. 1975இல் நடந்த கார் விபத்துக்குப் பிறகு கணிதப் பேராசிரியரின் நினைவு 80 நிமிடம்தான் நிற்கும். மறக்கக் கூடாதவற்றைச் சீட்டுகளில் எழுதித் தன் மேல்சட்டையில் குத்திக்கொள்கிறார். வேலைக்கு வரும் பெண் தினமும் புதிதாக அறிமுகமாக வேண்டும். அவள் பிறந்த நாள் பிப்ரவரி 20, அதாவது 220. அவர் பரிசாகப் பெற்ற கைக்கடிகாரத்தில் பொறித்த எண் 284. ஒன்றின் வகுத்திகளை, அந்த எண்ணை மட்டும் விட்டுவிட்டுக் கூட்டினால் மற்றது வரும் நட்பு எண்கள் இவை. கணக்கு என்றாலே ஓடுகிறவர்கள் குழுவில் இருந்தால், பள்ளிக் கணக்கைத் தாண்டி எதுவும் புரிய வேண்டியதில்லை என்று முன்பே சொல்லிவிடுங்கள். பேஸ்பாலும் அப்படித்தான். எனாட்சு என்ற பந்துவீச்சாளரின் சட்டை எண் 28 என்பதும், அவர் இன்னும் தன் பழைய அணியிலேயே ஆடுகிறார் என்று பேராசிரியர் நம்புவதும் தெரிந்தால் போதும்.

கூட்டத்துக்கு முன் எல்லோரும் இரண்டாம் முறை படிக்க வேண்டிய காட்சி ஒன்று உண்டு. பேராசிரியரின் அண்ணி அந்தப் பெண்ணைச் சந்தேகப்பட்டுக் கேள்வி மேல் கேள்வி கேட்கிறாள். பேராசிரியர் ஒரு தாளில் ஆய்லரின் சமன்பாடு என்ற புகழ்பெற்ற கணிதச் சமன்பாட்டை எழுதி மேசையில் வைக்கிறார். அத்தோடு அண்ணி அடங்கிவிடுகிறாள். ஏன்? நாவல் நேரடியாகச் சொல்வதில்லை. பின்னால் வரும் ஒரு பழைய புகைப்படத்தை இதோடு சேர்த்துப் பார்த்தால், எட்டுப் பேரிடமிருந்து நான்கு விதமான பதிலாவது வரும். "பிடித்ததா?" என்று கூட்டத்தைத் தொடங்காதீர்கள், இந்தக் கேள்வியில் தொடங்குங்கள். அடுத்ததாக, நாளைக்கு நினைவில் இருக்காது என்று தெரிந்தே ஒருவரிடம் காட்டும் அன்பு யாருக்காக என்று கேளுங்கள்.

காபிக் கடை நாவல், தோஷிகாசு கவாகுச்சியின் 'பிஃபோர் தி காஃபி கெட்ஸ் கோல்ட்', பலர் நினைப்பதைப்போல லேசான புத்தகம் அல்ல. நான்கு கதைகளில் மறதி நோய் கணவர், விபத்தில் இறந்த தங்கை, இதய நோயோடு கருவுற்ற பெண் எல்லாம் வருகிறார்கள். மேடை நாடகமாக இருந்து நாவலானதால் உரையாடல் அதிகம். அந்தக் கடையின் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தால் இறந்த காலத்துக்குப் போகலாம். காபி ஆறுவதற்குள் திரும்ப வேண்டும், நாற்காலியை விட்டு எழக் கூடாது என்ற விதிகளும் திரும்பத் திரும்ப வரும். அந்தத் திரும்பச் சொல்லல் சிலரை எரிச்சலூட்டும். எடுப்பதானால், இறந்த காலத்துக்குப் போயும் நிகழ்காலம் மாறாது என்கிற விதியை மட்டும் பிடித்துக்கொண்டு பேசுங்கள். புத்தகத்தின் சரக்கு அதில்தான் இருக்கிறது.

ஹிரோ அரிகாவாவின் பூனை நாவலை ('தி ட்ராவலிங் கேட் க்ரானிக்கிள்ஸ்') இந்த மாதம் தவிர்ப்பதே நல்லது. பல இடங்களில் பூனையே கதை சொல்கிறது, சிரிப்பும் உண்டு. ஆனால் அதை வளர்ப்பவர் ஏன் ஊர் ஊராகப் போய் அதற்கு வேறு வீடு தேடுகிறார் என்பதற்கு விடை புற்றுநோய், கடைசிப் பகுதி மருத்துவமனை. அட்டையைப் பார்த்து ஆறுதலுக்காக எடுத்தால், அப்பாவை இழந்தவருக்கு அது எதிர்பாராத அடியாக இருக்கும். ஒகாவாவின் நாவலில் முதுமையும் நினைவு தேய்வதும் உண்டு, ஆனால் மரணப் படுக்கையை நீட்டி எழுதி அழவைப்பதில்லை. இருந்தாலும் அவரிடம் தனியாக ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். முடிவு தெரிந்துவிடுமே என்று தயங்க வேண்டாம்.

வாக்கெடுப்பு வைப்பதானால் மூன்று புத்தகம் போதும். பத்தைப் பட்டியலிட்டால் வாக்கு சிதறி, யாருக்கும் வேண்டாத ஒன்று ஜெயிக்கும். வாக்களிக்கும் முன் ஒவ்வொன்றிலும் முதல் இருபது பக்கம் படிக்கச் சொல்லுங்கள். இந்த வகை நாவல்களில் நடை பிடிக்காவிட்டால் கதை வந்து காப்பாற்றாது. மூன்றாவதாக டூரியன் சுகேகவாவின் 'ஸ்வீட் பீன் பேஸ்ட்' இருக்கட்டும், ஆலிசன் வாட்ஸ் மொழிபெயர்ப்பு. தோராயாகி என்ற ஜப்பானிய இனிப்பு விற்கும் கடையில் பயறு விழுது கிண்ட வரும் எழுபது தாண்டிய டோகுவேயின் விரல்கள் வளைந்திருக்கின்றன. இளம் வயதில் வந்த தொழுநோய் அது. நோயாளிகளை அடைத்து வைத்த சட்டம் ஜப்பானில் 1996 வரை இருந்தது. அது அரசியலமைப்புக்கு முரணானது என்று குமாமோட்டோ நீதிமன்றம் 2001இல் தீர்ப்பளித்தது. இதை ஒருவர் ஐந்து நிமிடம் சொல்லிவிட்டுத் தொடங்கினால் விவாதம் தானாக ஓடும். டோகுவேயும் முடிவில் இறக்கிறார், ஆகவே இதை இரண்டு மூன்று மாதம் கழித்து எடுக்கலாம்.

ஒகாவாவின் நாவல் 180 பக்கம்தானே என்று கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுவார்கள். அவசரமாகப் படித்தால் இந்த நாவல் வெறும் நல்ல கதையாகத் தெரியும். கூட்டத்துக்குப் பத்து நாள் முன்பு, அந்த அண்ணிக் காட்சி வரை வந்துவிட்டீர்களா என்று குழுவில் ஒரு செய்தி போடுங்கள்.