மான் வேட்டை ரைஃபிள் குறி சிதறுகிறது, எதை மாற்றுவது?

கேள்வி: பென்சில்வேனியாவில் இருக்கிறேன். மரக்கட்டை போட்ட, .30-06 என்ற அளவுத் தோட்டா போடும் பழைய போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். 100 கெஜத்தில் மூன்று தோட்டா சுட்டால் நாலு அங்குலத்துக்குச் சிதறுகிறது. கடைக்காரர் குழலை மாற்று என்கிறார், நண்பர் ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) மாற்று என்கிறார். எதை வாங்கட்டும்?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். வருஷத்துக்கு ஒன்றிரண்டு பெட்டி சுடும் வேட்டைத் துப்பாக்கியில் குழல் அவ்வளவு சுலபமாகத் தேயாது, .30-06 குழல் சில ஆயிரம் தோட்டா தாங்கும்.

முதலில் துப்பாக்கி காலி என்று உறுதி செய்துகொண்டு திருகுகளைப் பாருங்கள். மரக்கட்டையோடு இணைக்கும் அடித் திருகுகள், ஸ்கோப்பின் அடித்தளம், வளையம் எல்லாவற்றையும். செகண்ட் ஹேண்டில் வந்ததில் ஏதாவது ஒன்று தளர்ந்திருக்கும், பாதிப் புகார் இங்கேயே தீர்ந்துவிடும். கைக்கு வந்தபடி முறுக்காதீர்கள், ஸ்கோப் குழாய் நசுங்கும். எவ்வளவு முறுக்குகிறோம் என்று அங்குல-பவுண்டில் காட்டும் டார்க் ரெஞ்ச் ஒன்று வாங்கி, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். செலவழிக்கவேண்டிய முதல் பணம் அதுதான்.

அடுத்தது தோட்டா. தோட்டா முனையின் எடையைக் கிரெயின் என்ற அளவில் சொல்வார்கள். ஒரே துப்பாக்கி 150 கிரெயினை வாரி இறைக்கும், 180 கிரெயினை ஒரே இடத்தில் போடும், ஏன் என்று அதையேதான் கேட்கவேண்டும். 150, 165, 180 மூன்றிலும் வேறு வேறு கம்பெனியில் ஒவ்வொரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பாருங்கள், விலை அதிகமானதுதான் ஜெயிக்கும் என்றில்லை. எது நெருக்கமாக விழுகிறதோ அதையே, பெட்டியில் அச்சிட்ட லாட் நம்பரும் (தயாரிப்புத் தொகுதி எண்) ஒன்றாக இருக்கும்படி, நாலைந்து பெட்டி வாங்கி வையுங்கள். அங்கே துப்பாக்கி சீசன் தேங்க்ஸ்கிவிங்குக்கு அடுத்த சனிக்கிழமை திறக்கிறது, அந்த வாரம் கடைக்குப் போனால் நீங்கள் தேடும் பெட்டி மட்டும் இருக்காது.

சுடும்போது மணல் மூட்டை முன்கட்டையின் கீழ் இருக்கட்டும், குழலின் கீழ் வேண்டாம். வேட்டை ரைஃபிளின் குழல் மெல்லியது, மூன்று தோட்டாவிலேயே சூடேறிவிடும், ஆறவிட்டு அப்புறம் சுடுங்கள். குளிர்ந்த குழலின் முதல் தோட்டா எங்கே விழுகிறது என்று தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், மானுக்குப் போவது அந்த ஒன்றுதான்.

பழைய உரிமையாளர் விட்டுவைத்த செம்புப் படிவும் சிதறடிக்கும். செம்பு கரைக்கும் திரவம் போட்டுத் துடைத்தால் துணி நீலமாகும், நீலம் போகும்வரை, முடிந்தவரை பின்பக்கத்திலிருந்தே துடைக்கவும். முன்வாயில் கம்பி உரசினால் பிறகு அதற்கு வேறு செலவு.

மரம் ஈரத்தில் ஊதியிருக்கலாம். ஒரு டாலர் நோட்டைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே இழுத்துப் பாருங்கள், எங்கே சிக்குகிறது என்று தெரியும். ஆனால் சில பழைய மாடல்களில் முன்கட்டை நுனியில் வேண்டுமென்றே ஒரு முட்டு வைத்திருப்பார்கள், அதைச் சீவிவிடாதீர்கள்.

ஸ்கோப் சந்தேகம் தீர, நண்பரிடம் நன்றாக வேலை செய்யும் ஒன்றைக் கடன் வாங்கி மாட்டிச் சுடுங்கள். அவர்தானே மாற்றச் சொன்னார்!

ஒரு அங்குலத்துக்கு ஆசைப்பட்டுப் பணத்தைக் கொட்டவேண்டாம். மானின் இதய-நுரையீரல் பகுதி எட்டு அங்குலம் இருக்கும், காட்டுக்குள் 100 கெஜத்துக்குள் சுடுபவருக்கு இரண்டு அங்குலம் தாராளம். இத்தனை செய்தும் நாலு அங்குலமே என்றால் துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் கொடுத்து, குழலுக்குள் கேமரா விட்டுத் தேய்மானத்தைக் காட்டச் சொல்லுங்கள். கண்ணால் பார்த்தபிறகு புதுக் குழலுக்கு விலை கேட்கலாம்.