டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பில் கேபின் ஏர் ஃபில்டரை நாமே மாற்றலாமா, கேரேஜுக்குத்தான் போக வேண்டுமா?

தாராளமாக நாமே மாற்றலாம். வண்டிக்குள் வருகிற ஏசி காற்றில் தூசியைப் பிடிக்கிற வடிகட்டிதான் இது. ஸ்பேனர் வேண்டாம், ஸ்க்ரூடிரைவர்கூட வேண்டாம். குளோவ் பாக்ஸைக் கழற்றி மாட்டத் தெரிந்தால் போதும், பத்து நிமிட வேலை.

ஏசியில் காற்று சரியாக வரவில்லை, கேரேஜில் கேஸ் அடிக்கச் சொல்கிறார்கள், அதற்கு முன்னால் ஃபில்டரை மாற்றிப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த ஊர் என்று சொல்லவில்லை. கம்பெனி வண்டி, ஹைலக்ஸ், ஃபோர்மேன் என்றெல்லாம் எழுதியிருப்பதைப் பார்த்தால் வளைகுடாவில்தான் எங்கோ ஓட்டுகிறீர்கள், வந்து ரொம்ப காலம் ஆகவில்லை என்று தோன்றுகிறது. நான் ஷார்ஜாவில் பிக்கப் ஓட்டுகிறவன். மெக்கானிக் இல்லை. ஆனால் இந்த ஒரு வேலையை நாங்கள் தங்கியிருக்கிற கேம்ப் வாசலில் எத்தனையோ வண்டிகளுக்குச் செய்து கொடுத்திருக்கிறேன்.

முதலில் கேஸ் விஷயம். ஏசி கேஸ் மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பது, ஓட ஓடத் தீர்ந்துபோகிற சரக்கு இல்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவைப் பார்க்காமல் கேஸ் மட்டும் அடித்தால் கொஞ்ச நாளில் மறுபடி அதே கதைதான். எது பிரச்சினை என்று நீங்களே ஓரளவு கண்டுபிடிக்கலாம். ப்ளோயரை முழு வேகத்தில் வைத்துவிட்டு, காற்று வரும் இடத்தில் கையைக் காட்டுங்கள். காற்று பலமாக வருகிறது, குளிர்தான் இல்லை என்றால் கேஸ், கம்ப்ரஸர், முன்னால் இருக்கிற கண்டென்ஸர் இந்தப் பக்கம் பார்க்க வேண்டும். குளிர் இருக்கிறது, ப்ளோயர் சத்தமும் பெரிதாகக் கேட்கிறது, ஆனால் காற்றுதான் முகத்துக்கு வந்து சேரவில்லை என்றால் முதல் சந்தேகம் ஃபில்டர் மேல்தான் வர வேண்டும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. எங்கள் கம்பெனியில் ராமநாதபுரம் பக்கத்துத் தம்பி ஒருவன் ஓட்டுகிறான். அவன் வண்டிக்கு சஜா தொழிற்பேட்டையும் ராஸ் அல் கைமா பக்கத்துக் கல் குவாரிகளும்தான் லைன். ஏசியில் காற்று குறைகிறது என்று அவன் சொன்ன ஒவ்வொரு தடவையும் கேரேஜில் கேஸ் அடித்து அனுப்பினார்கள். கொஞ்ச தூரம் ஓடியதும் கூலிங் காயிலில் ஐஸ் கட்டிவிடும். காயில் மேல் போதுமான காற்று போகாவிட்டால் அப்படித்தான் ஆகும். அப்புறம் அந்தக் கொஞ்சக் காற்றும் நின்றுவிடும். வேறு வழியில்லாமல் ஜூலை மாதத்தில் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டியிருக்கிறான். முன்னால் போகும் டிப்பர் கிளப்புகிற புழுதி மொத்தமும் அவன் மேல்தான். ராத்திரி ரூமில் அவன் இருமினால் பக்கத்துக் கட்டிலில் யாருக்கும் தூக்கம் வராது.

ஒரு நாள் சாயங்காலம் கேம்ப் பார்க்கிங்கில் போன் டார்ச்சைப் பிடிக்கச் சொல்லி நான் கழற்றினேன். வெள்ளையாக, மடிப்பு மடிப்பாக இருக்க வேண்டிய ஃபில்டரில் மடிப்பே தெரியவில்லை. கிரஷர் தூசியும் சிமெண்டும் இடுக்கெல்லாம் அடைத்து, இங்கத்திப் புழுக்கத்தின் ஈரம் ஏறி, இறுகிக் கிடந்தது. கட்டைவிரலால் ஓரத்தை அழுத்தினேன், அப்பளம் மாதிரி உடைந்தது. மேலே ஒரு மூலையில் காய்ந்த வேப்பிலைகள், ஒரு வெட்டுக்கிளியின் சிறகு. "அண்ணே, இதைத் திறந்துகூடப் பார்க்காமலா கேஸ் அடிச்சாங்க?" என்று கேட்டான். இண்டஸ்ட்ரியல் ஏரியா ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் 25 திர்ஹத்துக்கு வாங்கிய ஃபில்டரைப் போட்டு, கொஞ்ச நேரம் ஐஸ் கரைய விட்டு ஸ்டார்ட் செய்தோம். ப்ளோயர் இரண்டாவது புள்ளியிலேயே அவன் சட்டைக் காலர் படபடத்தது. அன்றிலிருந்து கேம்பில் யாருக்கு ஏசி காற்று குறைந்தாலும் என்னைத்தான் தேடி வருகிறார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

எல்லா கேரேஜ்காரர்களையும் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நல்ல உஸ்தாதுகள், அதாவது கைதேர்ந்த மெக்கானிக்குகள், எத்தனையோ பேர் இருக்கிறார்கள், எனக்கு இந்த வேலையைச் சொல்லிக் கொடுத்ததே ஒரு பெஷாவர்க்காரர்தான். திறந்து பார்க்காமல் கேஸ் அடிப்பதைத்தான் நான் தப்பு என்கிறேன்.

இனி வேலை. 2015க்கு அப்புறம் வந்த ஹைலக்ஸுக்குச் சொல்கிறேன். எஞ்சினை அணைத்து ப்ளோயரையும் நிறுத்திவிடுங்கள். ப்ளோயர் ஓடும்போது ஃபில்டரை உருவினால் அதன் மேல் கிடக்கிற இலையும் குப்பையும் விசிறிக்குள் போய்விழும். அப்புறம் டகடகவென்று சத்தம் வரும், அதை எடுக்க ப்ளோயரையே இறக்க வேண்டியிருக்கும். கீழ் குளோவ் பாக்ஸைத் திறந்து முல்கியா (வண்டிப் பதிவு அட்டை), பில் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். பெட்டியின் பக்கவாட்டில் அதைத் தாங்கும் சின்னக் கை ஒன்று இருக்கும், அதைக் கொக்கியிலிருந்து விலக்குங்கள். பிறகு பெட்டியின் இரண்டு பக்கச் சுவர்களையும் உள்நோக்கி அழுத்தினால் தடுப்பு விடுபட்டுப் பெட்டி முழுதாகக் கீழே இறங்கும். பின்னால் குறுக்காக ஒரு நீளமான பிளாஸ்டிக் மூடி தெரியும். ஓரத்துக் கிளிப்பை அழுத்தி இழுத்தால் கையோடு வந்துவிடும். வெயிலில் கிடந்து கிடந்து பிளாஸ்டிக் மொறுமொறுப்பாகியிருக்கும், அதனால் முரட்டுத்தனம் வேண்டாம். ஃபில்டரைச் சாய்க்காமல் படுக்கைவாட்டிலேயே உருவுங்கள், சாய்த்தால் மேலே உள்ள மண் அப்படியே உள்ளே கொட்டும். ஈரத்துணியால் அந்த இடத்தைத் துடைத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள்.

அம்புக்குறியில்தான் பாதிப் பேர் குழம்புகிறார்கள். டொயோட்டா ஒரிஜினல் ஃபில்டரில் "அப்" என்று போட்டு அம்பு இருக்கும், அந்த அம்பு மேலே பார்க்க வேண்டும். வெளிக் கம்பெனி ஃபில்டர்கள் சிலவற்றில் "ஏர் ஃப்ளோ" என்று இருக்கும். அது காற்று போகும் திசையைக் காட்டுகிற அம்பு. இந்த வண்டியில் காற்று மேலிருந்து கீழே ப்ளோயருக்கு இறங்குகிறது, அதனால் அந்த அம்பு கீழே பார்க்க வேண்டும். எழுத்தைப் படிக்காமல் அம்பை மட்டும் பார்த்துச் சொருகாதீர்கள். கடையில் கேட்கும்போதும் கேபின் ஃபில்டர், ஏசி ஃபில்டர் என்று தெளிவாகக் கேளுங்கள். ஏர் ஃபில்டர் என்று மட்டும் சொன்னால் பானெட்டுக்குள் இருக்கிற எஞ்சின் ஃபில்டரை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

பழையதைக் கம்ப்ரஸர் காற்றில் ஊதிவிட்டு மறுபடி போட்டால் ஆகாதா என்று கேட்பீர்கள். பலர் செய்கிறார்கள். ஆனால் அந்த அழுத்தத்தில் இழை விரிந்து கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழுகிறது. காற்று நன்றாக வரும், தூசியும் சேர்ந்து வரும். புதியது கிடைக்கும்வரை தரையில் லேசாகத் தட்டிப் போட்டு ஓட்டுங்கள், அதற்கு மேல் வேண்டாம். கருப்பாக இருக்கும் கார்பன் ஃபில்டர் கொஞ்சம் விலை கூடுதல், வாடையைக் குறைக்கும். கார்பன் மோனாக்ஸைடை எந்த கேபின் ஃபில்டரும் தடுக்காது. அதனால் மூடின கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிட்டு வண்டியில் படுக்காதீர்கள்.

கல் உடைக்கிற இடத்துத் தூசியில் சிலிக்கா இருக்கிறது. நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் வந்துவிட்டால் அதைக் குணப்படுத்த மருந்து இல்லை. குவாரிக்குள் போகும்போது கண்ணாடியை ஏற்றி, உள்காற்றே சுற்றும்படி ரீசர்குலேஷனில் போட்டுக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலைக்கு வந்ததும் கொஞ்ச நேரம் வெளிக்காற்றுக்கு மாற்றுங்கள், மூடியே வைத்திருந்தால் தூக்கம் தள்ளும். வண்டியை விட்டு இறங்கினால் முகக்கவசம் கட்டாயம்.

"கம்பெனி வண்டியில் நாம் ஏன் சொந்தக் காசு போடணும்" என்று சிலர் சொல்வார்கள். நியாயமான கேள்விதான். பில்லை வாங்கி ஃபோர்மேனிடம் கொடுங்கள், கேளுங்கள். தரவில்லை என்றாலும் மாற்றுங்கள் என்பதுதான் என் கருத்து. நாள் முழுக்க அந்தக் காற்றைச் சுவாசிக்கிறவர் நீங்கள்தான்.

இதையும் சொல்லிவிடுகிறேன். இங்கே அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12:30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. நல்ல சட்டம், நேரடி வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கானது. ஓட்டுநர் கேபினுக்குள் இருப்பதால் எங்கள் ஃபோர்மேன்கள் அவனைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அந்த நேரத்தில்தான் சைட் கேட்டில் சரக்கோடு காத்துக் கிடப்போம். டீசல் வீணாகிறது, எஞ்சினை அணை என்று ஃபோர்மேனிடமிருந்தே போன் வரும். ஊருக்குப் போனால் சொந்தக்காரர்கள், "உனக்கென்னப்பா, ஏசி வண்டியில் உட்கார்ந்து சுற்றுகிறாய்" என்கிறார்கள். மாமன் மச்சான் சொன்னால்கூடப் போகட்டும், என் அப்பாவே ஒரு தடவை அப்படிச் சொன்னார். அவருக்கு விளக்கிச் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. அதனால்தான் ஏசி ஃபில்டர் என்று யார் கேட்டாலும் இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

கடைசியாக ஒன்று. உங்களுடையது 2015க்கு முந்தைய பழைய விகோ மாடலாக இருந்தால், ஃபில்டர் வாங்குவதற்கு முன்னால் குளோவ் பாக்ஸைக் கழற்றிப் பாருங்கள். அவற்றில் சில வண்டிகள் ஃபில்டரே இல்லாமல் வந்தவை. இடம் மட்டும் இருக்கும், முன்பக்கம் வெட்டப்படாத பிளாஸ்டிக்காக மூடியிருக்கும். அதைப் பிளேடால் வெட்டி ஃபில்டர் போடுகிறார்கள், ஆனால் கம்பெனி வண்டியில் கேட்காமல் வெட்ட வேண்டாம். மாடல் ஆண்டு முல்கியாவிலேயே இருக்கிறது, அதைக் கடையில் காட்டினால் சரியான அளவைக் கொடுப்பார்கள். மூடி கழலவில்லை, கிளிப் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை என்றால் ஒரு படம் எடுத்துக் கீழே போடுங்கள். ராத்திரி ட்யூட்டி முடிந்து வந்ததும் பார்த்துச் சொல்கிறேன்.