கல்லூரி ஃபுட்பால்: 10-ஆம் வகுப்பிலேயே பெற்றோர் பார்க்க வேண்டியவை

கேள்வி: டெக்சஸில் வசிக்கிறோம். 10-ஆம் வகுப்பு படிக்கும் மகன் பள்ளியின் அமெரிக்க ஃபுட்பால் அணியில் லைன்பேக்கர் (தடுப்பு ஆட்டக்காரர்). கல்லூரியிலும் ஆடுவான் என்கிறார் கோச். எங்களுக்கு இந்த ஆட்டமே பிடிபடவில்லை. படிப்பு கெடாமல் இது நடக்குமா? அவன் எச்-4 விசாவில் (வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தாருக்கானது) இருக்கிறான்.

பதில்: நடக்கும். அதற்கு முதல் வேலையாக, அவனுடைய டிரான்ஸ்கிரிப்டை (பாடவாரி மதிப்பெண் பதிவை) இந்த வாரமே வாங்கிப் பாருங்கள். ஆட்டத்தில் குறை இல்லாமலேயே வாய்ப்பை இழக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் இங்கேதான் இழக்கிறார்கள்.

கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ., முதல் டிவிஷனில் (மூன்று நிலைகளில் உயர்ந்தது) ஆட 16 கோர் கோர்ஸ் (முக்கியப் பாடங்கள்) கேட்கிறது: ஆங்கிலம் 4, கணக்கு 3, அறிவியல் 2, இந்த மூன்றில் ஏதாவது ஒன்றில் கூடுதலாக 1, சமூக அறிவியல் 2, இவற்றோடு வேற்றுமொழி போன்ற பாடங்கள் 4. அவற்றில் மட்டும் ஜிபிஏ (4-க்குக் கணக்கிடும் சராசரிப் புள்ளி) 2.3 வேண்டும்; இரண்டாம் டிவிஷனுக்கு 2.2. உடற்கல்வி, பேண்டு வகுப்பெல்லாம் இந்தக் கணக்கில் வராது. பள்ளி ஜிபிஏ நன்றாக இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது என்பது அதனால்தான்.

பலரும் தடுக்கி விழும் இடம் இன்னொன்று. 12-ஆம் வகுப்பு தொடங்கும் முன் 16-இல் 10 முடிந்திருக்க வேண்டும்; அந்தப் பத்தில் 7 ஆங்கிலம், கணக்கு, அறிவியலாக இருக்க வேண்டும். அந்தப் பத்தின் மதிப்பெண் அதன்பின் பூட்டப்பட்டுவிடும்; திரும்ப எழுதி உயர்த்திக்கொள்ள முடியாது. ஆகவே எதிலாவது 'சி', 'டி' இருந்தால், அதைச் சரிசெய்ய இந்தக் கோடையும் அடுத்த கோடையும்தான் இருக்கின்றன. கோடையில் ஆன்லைன் வகுப்பு எடுப்பதாக இருந்தால், அது என்.சி.ஏ.ஏ. அங்கீகரித்த பட்டியலில் இருக்கிறதா என்று பணம் கட்டும் முன் பாருங்கள். ஆசிரியரோடு தொடர்பே இல்லாமல் தானே முடித்துக்கொள்ளும் வகுப்புகளை அவர்கள் ஏற்பதில்லை. நம் பிள்ளைகள் பலர் 8-ஆம் வகுப்பிலேயே அல்ஜீப்ரா 1 முடித்துவிடுகிறார்கள். அதுவும் கணக்கில் சேரும், ஆனால் உயர்நிலைப் பள்ளி டிரான்ஸ்கிரிப்டில் மதிப்பெண்ணும் கிரெடிட்டும் பதிவாகியிருக்க வேண்டும். கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வை என்.சி.ஏ.ஏ. 2023-இல் கைவிட்டுவிட்டது, கல்லூரி தனியாகக் கேட்கலாம்.

அடுத்தது வீடியோ. ஹட்ல் என்ற ஆட்ட வீடியோ தளத்தில் மூன்று நான்கு நிமிடத் தொகுப்பு போதும். மிகச் சிறந்த ஐந்தாறு ஆட்டத் துண்டுகள் முதலில் வரட்டும், ஏனென்றால் கோச்சுகள் முழுவதையும் பார்க்க மாட்டார்கள். ஒவ்வொரு துண்டிலும் பந்து நகரும் முன் அவன் யார் என்று அம்புக்குறியால் காட்டுங்கள். பாட்டு வேண்டாம். உயரம், எடை, ஜிபிஏ, பள்ளிக் கோச்சின் எண் தொடக்கத்திலேயே இருக்கட்டும். முதல் டிவிஷன் கோச்சுகள் 11-ஆம் வகுப்பின் செப்டம்பர் 1-க்கு முன் அவனுக்குச் செய்தி அனுப்ப முடியாது. அதுவரை அழைப்பே வரவில்லை என்று சோர்ந்துபோகாதீர்கள். அவன் முந்திக்கொண்டு எழுதத் தடையில்லை.

ஸ்காலர்ஷிப் பற்றி வாய்ச்சொல்லை நம்பவே நம்பாதீர்கள். என்.சி.ஏ.ஏ. மீது வீரர்கள் போட்ட வழக்கில் நீதிமன்றம் 2025 ஜூனில் ஏற்ற சமரச ஒப்பந்தத்துக்குப் பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளில் ஃபுட்பால் அணிக்கு 105 பேர்தான் உச்சவரம்பு. ஸ்காலர்ஷிப் எண்ணிக்கைக்கு இருந்த பழைய வரம்பு போய்விட்டது. ஆனால் ஸ்காலர்ஷிப் இல்லாமல் சேரும் வாக்-ஆன் வீரர்களின் இடம் சுருங்கிவிட்டது. 'வா, பார்க்கலாம்' என்று கோச் சொன்னால், எத்தனை ஆண்டுக்கு, எவ்வளவு தொகை, காயம்பட்டால் என்ன ஆகும் என்று எழுத்தில் கேளுங்கள். மூன்றாம் டிவிஷனில் விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாது, கல்விக்கான உதவித்தொகை உண்டு. நன்றாகப் படிக்கும் பையனுக்கு அது பல நேரம் நல்ல பேரம்.

கல்லூரிக்குள் போனபின் வாரத்துக்கு 20 மணி நேரம் பயிற்சி வரம்பு என்பார்கள். பயணமும் காயச் சிகிச்சையும் அதில் வராது; உண்மையில் ஒரு முழுநேர வேலை அளவுக்குப் போகும். நீண்ட காலமாக இருக்கும் விதி, ஐந்து ஆண்டுக்குள் நான்கு சீசன். நான்கு ஆட்டத்துக்கு மேல் ஆடாத ஆண்டை ரெட்ஷர்ட் என்று, நான்கு சீசன் கணக்கில் சேராமல், தள்ளிவைத்துக்கொள்ளலாம். இந்த விதியை மாற்றும் பேச்சும் நடப்பதால், சேரும் ஆண்டில் கல்லூரியின் விதி அலுவலரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். மூன்றாம் ஆண்டு தொடங்கும்போது பட்டப்படிப்பில் 40%, நான்காம் ஆண்டில் 60% முடிந்திருக்க வேண்டும். கடினமான மேஜரிலிருந்து (முதன்மைப் பாடம்) எளிதான மேஜருக்குப் பிள்ளைகள் நழுவுவது இதனால்தான். பொறியியல் படிக்க வேண்டுமென்றால், லேப் நேரமும் பயிற்சி நேரமும் மோதுமா என்று அந்த அணியில் பொறியியல் படிக்கும் வீரரிடமே அவன் கேட்கட்டும். கல்லூரி மாறும்போதும் எத்தனை கிரெடிட் செல்லும் என்று பார்த்துவிட்டுத்தான் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் (கல்லூரி மாற விரும்பும் வீரர்களின் பட்டியல்) பெயர் கொடுக்க வேண்டும். டிராஃப்டுக்கு (தொழில்முறை அணிகள் வீரர்களைத் தேர்ந்தெடுப்பது) தகுதி பெறும் கல்லூரி வீரர்களில் என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீக் வரை போவது என்.சி.ஏ.ஏ. கணக்குப்படி ஏறத்தாழ 1.6%. பட்டம்தான் கையில் நிற்கும்.

விசாவை இப்போதே கவனியுங்கள். எச்-4 அவனுக்கு 21 வயதோடு முடிகிறது. அது கல்லூரியில் மூன்றாம் ஆண்டு வாக்கில் வரும். எஃப்-1 மாணவர் விசா நிலைக்கு மாறும் விண்ணப்பம் மாதக்கணக்கில் இழுக்கலாம் என்பதால் 20 வயதிலேயே தொடங்குங்கள். ஸ்காலர்ஷிப் வாங்குவதில் சிக்கல் இல்லை. 2021 ஜூலை முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். இப்போது கல்லூரியே நேரடியாகவும் பணம் தருகிறது. எச்-4-இல் இருக்கும் பிள்ளைகளுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை, எஃப்-1-இல் கடும் கட்டுப்பாடு. சக வீரர்கள் வாங்குகிறார்களே என்று அவன் ஒரு கடை விளம்பரத்தில் நின்றாலும் அது அனுமதியில்லாத வேலையாகக் கருதப்பட்டு விசா நிலையே போகலாம். எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடும் முன் குடியேற்ற வழக்கறிஞரிடம் காட்டுங்கள். கோச்சும் ஏஜென்டும் சொல்வது இதில் போதாது.