ஒரே துண்டான இறக்கையைப் பிரித்து எடுத்துச் செல்ல முடியுமா?

கேள்வி: பால்சா மரத்தால் ஆன, 7 கிலோ எடையுள்ள பெரிய மாதிரி விமானம் ஒன்று என்னிடம் இருக்கிறது. இறக்கையின் நீளம் 2.2 மீட்டர், ஒரே துண்டு என்பதால் காருக்குள் நுழைவதில்லை. நடுவில் அறுத்து, பறக்கவிடும் இடத்தில் பூட்டிக்கொள்ளும்படி மாற்ற எண்ணுகிறேன். பலம் குறையாமல் இதைச் செய்ய முடியுமா?

பதில்: தாராளமாகச் செய்யலாம். அறுப்பது எளிது, அறுபட்ட ஸ்பார் (இறக்கையின் நீளவாக்கில் ஓடிச் சுமை தாங்கும் சட்டம்) அதுவரை தாங்கிவந்த சுமையை வேறொன்றின் மேல் ஏற்றுவதுதான் பெரிய வேலை. பறக்கும்போது இறக்கையை மேல்நோக்கி வளைக்கும் விசை நடுப்பகுதியில்தான் உச்சத்தில் இருக்கிறது. நீங்கள் அறுக்கப்போவதும் அதே இடத்தில்தான். ஆகையால் ரம்பத்தை எடுக்கும் முன் ஒரு கணக்கைப் போட்டுவிடுவது நல்லது.

இரு பாதிகளையும் இணைக்கப்போவது, இரண்டுக்குள்ளும் நுழையும் ஓர் அலுமினியக் குழாய். விமானம் கீழே பாய்ந்து சட்டென்று நிமிரும்போது சுமை 6 மடங்காகும் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 42 கிலோ, ஒரு பாதிக்கு 21 கிலோ. அந்த விசை நடுவிலிருந்து ஏறத்தாழ 48 செ.மீ. தள்ளிச் செயல்படுவதாகக் கொண்டால், இணைப்பு தாங்க வேண்டிய வளைவுத் திருப்புத்திறன் (விசையையும் தூரத்தையும் பெருக்கிய அளவு) சுமார் 100 நியூட்டன் மீட்டர். 25 மி.மீ. வெளிவிட்டமும் 1.5 மி.மீ. சுவர்த் தடிமனும் உள்ள 6061-டி6 அலுமினியக் குழாயில் இதனால் ஏறக்குறைய 160 மெகாபாஸ்கல் தகைவு (ஓர் அலகுப் பரப்பில் எழும் உள்விசை) எழும். அந்த உலோகமோ சுமார் 275 மெகாபாஸ்கலில்தான் நிரந்தரமாக வளையத் தொடங்கும். எனவே இந்தக் குழாய் உங்களுக்குப் போதும். 70 செ.மீ. நீளத்துக்கு அதன் எடை 200 கிராமைச் சற்றே தாண்டும் என்றாலும், ஈர்ப்பு மையத்துக்கு அருகிலேயே அமர்வதால் சமநிலை அதிகம் மாறாது.

குழாய் சரியாக அமைந்தும் இறக்கை முறிவதுண்டு. அப்போது குறை பெரும்பாலும் குழாயில் இருப்பதில்லை. அது நுழையும் உறையை மரத்தோடு பிணைத்த விதத்தில் இருக்கும். உறை 35 செ.மீ. நீளம் இருந்தால் அதன் இரு முனைகளிலும் சுமார் 29 கிலோ அழுத்தம் விழும், 15 செ.மீ. மட்டும் வைத்தால் அதே அழுத்தம் 68 கிலோவாகிவிடும், பால்சா ரிப் (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டம்) அதைத் தாங்காது. ஆகவே ஒவ்வொரு பக்கமும் 35 செ.மீ. உறை கட்டாயம் வேண்டும் என்பேன். அடிப்பக்கத் தாளையும் பலகையையும் அந்த அளவுக்குத் திறந்து, ஸ்பாருக்குச் சற்றுப் பின்னால் ரிப்களில் துளையிட்டு, ஃபைபர் கிளாஸ் உறையைச் செலுத்துங்கள். உறைக்கும் மேல், கீழ் ஸ்பார்களுக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தை ப்ளைவுட் துண்டுகளால் நிரப்பி ஒட்டுங்கள். நடுவில் இரு பாதிகளும் சந்திக்கும் முகங்களுக்கும், உறை முடியும் இடத்துக்கும் 3 மி.மீ. ப்ளைவுட் ரிப் தேவை.

இறக்கை நுனிகள் மேல்நோக்கிச் சாய்ந்திருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். குழாய் நேரானது, இறக்கை ஏறுமுகமானது. ஆகவே நடுவில் சற்று உயரமாகத் தொடங்கும் உறை, நுனியை நோக்கிப் போகப் போக இறக்கைக்குள் தாழ வேண்டும். ஒரு பக்கத்துக்கு 1.5 பாகைச் சாய்வு என்றால், 35 செ.மீ. தூரத்தில் அது 9 மி.மீ. தாழும்.

ஒட்டும் முறையில்தான் இந்த வேலையின் துல்லியமே இருக்கிறது. இரு உறைகளையும் தனித்தனியே ஒட்டிவிட்டுப் பிறகு பொருத்திப் பார்க்காதீர்கள். சமதளப் பலகையின் மேல் இரு பாதிகளையும் உரிய சாய்வில் முட்டுக்கொடுத்து நிறுத்தி, நடுவே பாலித்தீன் தாள் ஒன்றை வைத்து, மெழுகு தடவிய குழாயை இரு உறைகளுக்குள்ளும் ஒருசேரச் செலுத்திய நிலையிலேயே ஒட்டுங்கள். ஐந்து நிமிடத்தில் இறுகும் எபாக்ஸி இங்கே உதவாது. மெதுவாக இறுகும் வகையைப் பயன்படுத்தி, ஓர் இரவு முழுவதும் அசைக்காமல் விட்டுவிடுங்கள்.

குழாய் உருளை வடிவம் கொண்டது என்பதால் இறக்கை அதைச் சுற்றித் திரும்பக்கூடும். பின்விளிம்புக்கு அருகே 6 மி.மீ. கார்பன் முள் ஒன்று இருந்தால் இரு பாதிகளின் தாக்குகோணமும் (எதிர்க்காற்றை இறக்கை சந்திக்கும் கோணம்) ஒன்றாகவே நிற்கும்; அது வேறுபட்டால் விமானம் எப்போதும் ஒரு பக்கமாகச் சாய்ந்தே பறக்கும். இரு பாதிகளும் விலகாதிருக்க, ஒவ்வொன்றையும் தனித்தனி நைலான் போல்ட்டால் உடலோடு பிணைக்க வேண்டும். நடுவில் ஒரே சர்வோ (சிறு இயக்கு மோட்டார்) இருபுற அய்லரான்களையும் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும், இறக்கையின் பின்விளிம்பு மடல்கள்) இயக்குகிறது என்றால், அதை நீக்கிவிட்டுப் பக்கத்துக்கு ஒரு சர்வோ வைத்துக்கொள்ளுங்கள்.

முடிந்ததும் விமானத்தை முழு எடையோடு இறக்கையின் இரு நுனிகளிலும் தூக்கிப் பார்ப்பது வழக்கம். அது ஏறத்தாழ 2.3 மடங்கு சுமைக்குத்தான் சமம். எனவே அதோடு நிறுத்தாமல், இறக்கையைத் தலைகீழாக வைத்து, நடுவில் தாங்கி, நீளவாக்கில் மணல் பைகளைப் பரப்பிச் சோதியுங்கள். முதல் சில பறத்தல்களுக்குப் பிறகு உறை முடியும் இடத்தில் மேல்தாளில் சுருக்கமோ கீறலோ தெரிகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். தெரிந்தால் அடுத்த முறை பறக்கவிடும் முன் அந்த ரிப்பைத் திறந்தே ஆக வேண்டும்.